கரண்ட் பில் இல்லாத பள்ளிக்கூடம்

2021 ஆகஸ்டில் என் மகனை ஒன்பதாம் வகுப்பில் சேர்க்கக் கேட்ட காகிதங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டு வாடகை ஒப்பந்தம். கரண்ட் பில், அதில் என் பெயரோ என் கணவர் பெயரோ இருக்க வேண்டும். அவனுடைய பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பழைய பள்ளியின் மதிப்பெண்கள், என் டிரைவிங் லைசென்ஸ். ஒஹையோ மாநிலம் கொலம்பஸில் ஒரு புறநகரிலிருந்து இன்னொரு புறநகருக்கு வீடு மாறியிருந்தோம், அவ்வளவுதான். கரண்ட் பில்லை போனில் படம் பிடித்து அனுப்பினேன். மேல் ஓரம் மடங்கி வீட்டு எண் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பில்லை மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் மிளகாய்ப்பொடி டப்பா, மஞ்சள்பொடி டப்பா என்று வைத்து அமுக்கி மறுபடி படம் எடுத்தேன்.

பையனுக்கு ஃபுட்பால் ஆசை வேறு. ஃபுட்பால் என்றதும் நம்மூர்க் கால்பந்தை நினைக்காதீர்கள். இரண்டு பக்கமும் கூம்பிய பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவான், அவனை மற்றவர்கள் மோதிச் சாய்ப்பார்கள், அந்த விளையாட்டு. அதற்கு இன்னொரு கட்டுக் காகிதம். டாக்டர் உடல் பரிசோதனை செய்து கையெழுத்துப் போட வேண்டும். தலையில் அடிபட்டால் என்னென்ன அறிகுறி என்ற தாளைப் படித்ததாக நானும் அவனும் கையெழுத்துப் போட வேண்டும். மைதானத்தில் திடீரென்று இதயம் நின்றுபோவது பற்றி இன்னொரு தாள். அதற்கு இங்கே லிண்ட்சே சட்டம் என்று பெயர், 2017-லிருந்து இருக்கிறது. எல்லாம் முடிந்த பிறகுதான் ஹெல்மெட்டைத் தொடவே விட்டார்கள். ஒரு உதவிப் பயிற்சியாளர் பையன் தலையை டேப் வைத்து அளந்து, ஹெல்மெட்டை மாட்டி, புருவத்துக்கு மேல் ஒரு அங்குல இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு சைக்கிள் டியூபுக்கு அடிப்பதுபோலச் சின்ன பம்பால் உள்மெத்தைக்குக் காற்றடித்தார். முகக்கம்பியைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினார். ஹெல்மெட்டோடு சேர்ந்து பையனின் நெற்றித் தோலும் நகர்ந்தால்தான் சரியான பொருத்தமாம். தொட்டில் கட்டும்போது என் பாட்டி முடிச்சை இழுத்துப் பார்ப்பது நினைவுக்கு வந்தது.

இதெல்லாம் நடந்த அதே மாதம், அதே கொலம்பஸிலிருந்து ஒரு உயர்நிலைப் பள்ளி அணி கிளம்பிப்போய் நாடு முழுக்கத் தெரியும் டிவியில் ஆடியது. அந்தப் பள்ளிக்கு வகுப்பறை இருந்ததாக ஆதாரமில்லை. ஆசிரியர் இருந்ததாகவும் இல்லை.

ஆகஸ்ட் 29, ஞாயிற்றுக்கிழமை. எதிர்வீட்டுத் தாத்தா வீட்டில் இஎஸ்பிஎன் என்ற விளையாட்டு சேனல் ஓடிக்கொண்டிருந்தது. நான் முறுக்குக் கொடுக்கப் போனவள் உட்கார்ந்துவிட்டேன். தாத்தா இதே ஒஹையோவின் மாசிலான் ஊர்க்காரர். மாசிலானில் ஆண் குழந்தை பிறந்தால் ஆஸ்பத்திரித் தொட்டிலிலேயே ஒரு குட்டி ஃபுட்பாலை வைத்துவிடும் வழக்கம் இருந்தது. பக்கத்து ஊர் கேன்டனின் மெக்கின்லி பள்ளியோடு அவர்களுக்கு 1894-லிருந்து தீராத போட்டி. இந்த ஊர்களில் பள்ளி அணியைப் பற்றித் தெரியாதவரைப் பார்ப்பது நம்மூரில் ஊர்த் திருவிழா எப்போதென்று தெரியாதவரைப் பார்ப்பது மாதிரி. அன்றைய ஆட்டமும் கேன்டனில்தான், தொழில்முறை ஃபுட்பாலின் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ இருக்கும் வளாகத்து மைதானத்தில். ஒரு பக்கம் ஃப்ளோரிடாவின் ஐஎம்ஜி அகாடமி. நாட்டின் முதல் வரிசை அணிகளில் ஒன்று, பணம் கட்டித் தங்கிப் படிக்கும் விளையாட்டுப் பள்ளி. இன்னொரு பக்கம் ‘பிஷப் சிக்கமோர், கொலம்பஸ்’.

“கொலம்பஸா? எங்கே இருக்கிறது இந்தப் பள்ளி?” என்று தாத்தா என்னைக் கேட்டார். இருபது வருஷமாக வெள்ளிக்கிழமை ராத்திரி பள்ளி ஆட்டம் ஒன்றைக்கூட விடாத மனிதர், ஃபுட்பால் பந்துக்கு எத்தனை முனை என்று தெரியாத என்னைக் கேட்கிறார். பெயரைப் பார்த்தால் ஏதோ பழைய கத்தோலிக்கப் பள்ளி மாதிரி இருக்கிறது என்றேன். அந்தப் பெயரின் கெட்டிக்காரத்தனமே அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. பிஷப்பும் மரப்பெயரும் சேர்ந்தால் செங்கல் கட்டடமும் மணிக்கூண்டும் தானாகக் கண்ணில் வந்துவிடுகின்றன.

ஆட்டம் ஆட்டமாகவே இல்லை. பந்து கையில் வந்ததும் பையன்கள் கீழே கிடந்தார்கள். வர்ணனையாளர் அனீஷ் ஷ்ராஃப், இந்திய வம்சாவளிக்காரர். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அவர் ஒரு விஷயத்தை உடைத்துச் சொன்னார். பெரிய கல்லூரிகள் தேடி வரக்கூடிய ஆட்டக்காரர்கள் பலர் எங்களிடம் இருக்கிறார்கள் என்று பிஷப் சிக்கமோர்க்காரர்கள் சொன்னார்களாம். அதில் பெரும்பகுதியைத் தங்களால் சரிபார்க்க முடியவில்லையாம், அந்தப் பெயர்கள் தங்கள் தரவுத்தளத்தில் இல்லையாம். இது நியாயமான போட்டி இல்லை, இந்தப் பையன்களின் உடம்புக்கு என்ன ஆகுமோ என்ற கவலையையும் சொன்னார். தாத்தா முறுக்கைக் கடிக்காமல் கையில் வைத்திருந்தார். 58–0.

மறுநாள் நானும் சிரித்தேன், மறைக்க விரும்பவில்லை. இணையம் முழுக்கக் கேலிப்படங்கள். அந்தப் பள்ளியின் பெயர் போட்ட டி-ஷர்ட்டுகள்கூட விற்பனைக்கு வந்துவிட்டன. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தபோது சிரிப்பு நின்றது. அதே அணி இரண்டு நாளைக்கு முன்னால், வெள்ளிக்கிழமை, பென்சில்வேனியாவின் ஸ்டோ-ராக்ஸ் பள்ளியுடன் முழு ஆட்டம் ஆடி 19–7 என்று தோற்றிருந்தது. மூன்று நாளில் இரண்டு ஆட்டம். பெரிய ஆட்கள் ஆடும் தொழில்முறைப் போட்டியிலேயே சாதாரணமாக வாரம் ஒன்றுதான். என் பையன் பயிற்சியில் ஒரு மோதல் மோதிவிட்டு வந்தாலே இரண்டு நாள் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான்.

முந்தைய வருஷமும் இவர்கள் ஆடியிருக்கிறார்கள். ஒரு வெற்றிகூட இல்லை. அந்தத் தோல்விகளில் ஒன்று இதே ஐஎம்ஜியிடம்: 56–6. எனக்கு இதுதான் தொண்டையில் சிக்கிய முள். தெரியாத ஆள் வந்து ஏமாற்றிவிட்டான் என்றால் சரி. போன வருஷம் ஐம்பது புள்ளியில் தோற்ற அணியை மறுபடி கூப்பிட்டு, டிவியில் ஆட விட்டு, இது நல்ல போட்டி என்று விளம்பரமும் செய்தால் அதற்கு என்ன பெயர்?

யார் என்ன பார்த்தார்கள் என்று கேட்டுப் போனால் கதை இப்படிப் போகிறது. இஎஸ்பிஎன் தானாக ஆட்டத்தை ஏற்பாடு செய்யவில்லை. பள்ளி ஆட்டங்களைப் பேசி முடிக்கும் வேலையைப் பாராகன் மார்க்கெட்டிங் குரூப் என்ற நிறுவனத்திடம் விட்டிருந்தது. விவகாரம் வெடித்ததும் நடந்ததற்கு வருந்துகிறோம், பாராகனிடம் பேசிவிட்டோம், இனி நடக்காமல் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று அறிக்கை விட்டது. வெள்ளிக்கிழமை ஆட்டம் பற்றித் தெரிந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை நடத்தியிருக்க மாட்டோம் என்றார் பாராகனின் தலைவர். ஸ்கோர் அதற்குள் இணையத்தில் கிடந்தது. ஒஹையோவின் பள்ளி விளையாட்டுச் சங்கத்தைக் கேட்டால், அந்தப் பள்ளி எங்கள் உறுப்பினரே இல்லை என்றார்கள். அதுவும் உண்மை. மாநிலக் கல்வித்துறையைக் கேட்டால், பட்டியலில் பெயர் இருக்கிறது என்றார்கள். அதுவும் உண்மை. 2020–21-ம் ஆண்டுக்குப் பெயர் இருந்தது. அதே பதிவில் மாணவர் எண்ணிக்கையும் இருந்தது: மூன்று.

களத்தில் ஒரு நேரத்தில் இறங்கவே பதினொரு பேர் வேண்டும்.

பள்ளியின் விலாசமும் பிடிபடவில்லை. கல்வித்துறைக்குக் கொடுத்திருந்த இடத்தில் இருந்தது ஒரு உள்ளரங்க விளையாட்டுப் பயிற்சிக்கூடம். கொலம்பஸ் நகருக்குள் இருக்கும் ஃப்ராங்க்ளின் பல்கலைக்கழகத்தின் விலாசமும் இவர்கள் பெயரோடு புழங்கியது. எங்களுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை என்று அந்தப் பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. என் மடங்கிப்போன கரண்ட் பில்லைத் திருப்பி அனுப்பிய அதே மாநிலம்! குழந்தை எந்த வீட்டில் தூங்குகிறது என்று தெரிந்துகொள்ள இத்தனை அக்கறை. பள்ளிக்கூடம் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று ஒரு ஆள் காரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்திருந்தால் அரை மணி நேர வேலை.

ஆனால் அந்த ஆளை அனுப்பக் கல்வித்துறைக்கு அதிகாரம் இருந்ததா என்று தேடினேன். இங்கேதான் என் கோபம் கொஞ்சம் குழம்பிப்போனது.

ஒஹையோவில் ‘08 பள்ளி’ என்று ஒரு வகை உண்டு. விதி எண்ணின் கடைசி இலக்கத்தை வைத்து வந்த பெயர். அரசிடம் அங்கீகாரமும் வாங்குவதில்லை, அரசுப் பணமும் வாங்குவதில்லை. மத நம்பிக்கை காரணமாக அரசு அங்கீகாரம் வேண்டாம் என்பவர்களுக்கான வழி அது. வருஷத்துக்கு ஒரு முறை இத்தனை மணி நேரம் பாடம் நடக்கிறது, ஆசிரியர்கள் பட்டதாரிகள், தீயணைப்பு விதிகளைக் கடைப்பிடிக்கிறோம் என்று பள்ளியே எழுதிக் கையெழுத்திட்டுப் பெற்றோருக்கும் துறைக்கும் கொடுக்க வேண்டும். துறை அதை வாங்கிப் பட்டியலில் சேர்க்கும். எழுதியது நிஜமா என்று போய்ப் பார்க்கும் அதிகாரம் அப்போது சட்டத்தில் இல்லை.

எந்த மடையன் இப்படிச் சட்டம் எழுதினான் என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. தேடிப் போனால் பிராட்ஃபோர்டு என்ற சிற்றூரில் லீவை விஸ்னர் என்ற பாதிரியார் நிற்கிறார். தன் திருச்சபை நடத்திய சின்னக் கிறிஸ்தவப் பள்ளிக்கு அரசின் குறைந்தபட்ச விதிகளை ஏற்க மறுத்தவர். எந்தப் பாடத்துக்கு எத்தனை நேரம் என்பது வரை அரசே வகுத்துவிட்டால் வேதம் சொல்லித்தர நேரம் எங்கே என்பது அவர் கேள்வி. அங்கீகாரமில்லாத பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பியதற்காக அவர்மீதும் மற்ற பெற்றோர்மீதும் வழக்குப் போட்டுத் தண்டித்தார்கள். 1976-ல் ஒஹையோ உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. அரசு தன் விதியை இவ்வளவு இறுக்கினால் மத சுதந்திரம் மூச்சுத் திணறும் என்பது தீர்ப்பின் சாரம். அந்தத் தீர்ப்பு திறந்த வழியில்தான் 08 பள்ளிகள் வந்தன. இந்த மாநிலத்தில் இன்றும் குதிரை வண்டியில் போகும், ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவு மக்கள் நிறையப் பேர். அவர்களுடைய ஓரறைப் பள்ளிகள் பலவற்றுக்கும் இதுதான் நிழல். அந்த நிழலை வெட்டிப்போடு என்று என்னால் சொல்ல முடியவில்லை. தன் குழந்தைக்குத் தன் வழியில் பாடம் சொல்லித்தர விரும்பும் பாதிரியாருக்காகத் திறந்துவிட்ட கதவு. அதன் வழியே ஃபுட்பால் அணி ஒன்று பஸ்ஸில் ஏறிப் போய்விட்டது.

எச்சரிக்கை மணி அடிக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2018-ல் இதே கொலம்பஸில் ‘கிறிஸ்டியன்ஸ் ஆஃப் ஃபெய்த் அகாடமி’ என்று ஒன்று வந்தது. பெரிய ஃபுட்பால் கனவு, தேவாலயத் தொடர்பு என்ற பேச்சு, ஹோட்டல் அறைகளில் தங்கவைத்த பையன்கள். தேவாலயம் கையை உதறியது, கல்வித்துறை விசாரித்தது, அகாடமி மூடியது. அடுத்த வருஷமே, அந்த அகாடமியில் இருந்த ராய் ஜான்சன் என்பவர் பிஷப் சிக்கமோரின் பயிற்சியாளராக வந்து நின்றார். மாநில விளையாட்டுச் சங்கத்தில் அப்போது வேலை பார்த்த பென் ஃபெரி என்பவர் இந்தக் கூட்டத்தின் பின்னாலேயே போய்த் தகவல் சேர்த்தார். உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஆண்ட்ரூ கிங் எழுதினார். உறுப்பினரல்லாத பள்ளிமேல் சங்கத்துக்கு அதிகாரமில்லை. எழுதியதைப் படித்தவர்களுக்கு வேறு வேலை. பக்கத்து வீட்டில் புகை வருகிறது என்று ஒருவர் கத்திக்கொண்டே இருக்க, அது எங்கள் வார்டு இல்லை என்று எல்லோரும் சொல்வதுபோல.

சரி, ஐஎம்ஜி மாதிரிப் பெரிய அணிகள் ஏன் இவர்களோடு ஆட ஒப்புக்கொண்டன? மிகப் பலமான அணிக்கு எதிராளி கிடைப்பதே கஷ்டம். பக்கத்துப் பள்ளிகள் அடிவாங்கத் தயாராக இல்லை. 2020-ல் கொரோனா வந்து ஆட்ட அட்டவணைகளைக் கிழித்துப்போட்டது. எந்த ஊருக்கும் எந்தத் தேதிக்கும் வருகிறேன் என்று சொல்லும் அணி அப்போது கடவுள் அனுப்பியதுபோலத் தெரியும். சாமி வரம் கொடுக்கும்போது பூசாரியிடம் ஆதார் கார்டு கேட்பாரா யாராவது?

இதில் புதிது என்று எதுவுமில்லை. ஆட்டக்காரப் பையன்களுக்கு மதிப்பெண் பட்டியல் மட்டும் அச்சடித்துக் கொடுக்கும் பள்ளிகள் முன்பே இருந்தன. மயாமியில் அஞ்சல்வழியில் நடந்த பள்ளி ஒன்றைப் பற்றி 2005-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதி, அது மூடிக்கொண்டது. அடுத்த வருஷம் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ இப்படிப்பட்ட சில பள்ளிகளின் சான்றிதழ்களை ஏற்க முடியாது என்று பட்டியலே போட்டது. அதற்கெல்லாம் முன்னால், 1941-ல், நியூயார்க் பங்குத் தரகர் ஒருவர் பிளெய்ன்ஃபீல்ட் டீச்சர்ஸ் காலேஜ் என்று இல்லாத ஒரு கல்லூரியைக் கற்பனை செய்து, வாராவாரம் பத்திரிகைகளுக்குப் போன் போட்டு அதன் ஃபுட்பால் ஸ்கோரைச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய பத்திரிகைகள் அச்சடித்தன! நட்சத்திர ஆட்டக்காரன் ஒருவனையும் உருவாக்கிவிட்டார். அந்தக் கதையைப் படித்து இன்றும் வயிறு வலிக்கச் சிரிக்கலாம், ஏனென்றால் பிளெய்ன்ஃபீல்ட் ஆட்டக்காரர்களுக்கு உடம்பு கிடையாது. யாருக்கும் முழங்கால் உடையவில்லை.

பிஷப் சிக்கமோர்ப் பையன்களுக்கு முழங்கால் இருந்தது. பெரும்பாலும் கறுப்பினப் பையன்கள், பல ஊர்களிலிருந்து வந்தவர்கள். சிலர் உயர்நிலைப் பள்ளி வயதையே தாண்டியவர்கள், ஜூனியர் காலேஜ் என்னும் இரண்டு வருஷக் கல்லூரிகளில் ஆடிவிட்டு வந்தவர்களும் உண்டு என்று செய்திகள் வந்தன. அதைப் பிடித்துக்கொண்டு அவர்களும் கூட்டுக் களவாணிகள்தானே என்று என் வாட்ஸாப் குழுவில் ஒரு அண்ணன் எழுதினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கல்லூரி ஸ்காலர்ஷிப் கிடைக்காமல் பள்ளி முடித்த பையனுக்கு இன்னும் ஒரு வருஷம் ஆடு, உன் ஆட்டத்தை வீடியோ எடுத்துக் கல்லூரிகளுக்குக் காட்டுகிறேன், இஎஸ்பிஎன்னில் வருவாய் என்று ஒருவர் சொன்னால் அவன் கிளம்பத்தான் செய்வான். அந்தக் கடைசி வாக்கு பொய்யே இல்லை. இஎஸ்பிஎன்னில் வந்தார்கள்.

நம்மூரிலும் வீட்டை அடமானம் வைத்துப் பெயர் தெரியாத ஊர்க் கல்லூரிக்கு மகனை அனுப்பும் அப்பாக்கள் இருக்கிறார்கள். அங்கேயும் கேள்வி கேட்டால் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: டிவியில் விளம்பரம் வந்ததே. டிவிக்காரன் பார்த்திருப்பான் என்று அப்பா நம்புகிறார். அரசாங்கம் பார்த்திருக்கும் என்று டிவிக்காரன் நம்புகிறான்.

ஆட்டம் முடிந்த சில நாட்களில் ஜான்சன் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். பள்ளியை நடத்திய ஆண்ட்ரே பீட்டர்சன், இது மோசடி இல்லை, என் சொந்த மகனே இந்த அணியில் ஆடுகிறான் என்றார். கேன்டனில் அணி தங்கிய ஹோட்டலில் கொடுத்த செக் திரும்பி வந்ததாகப் புகார். மற்ற பள்ளிகள் ஆட்டங்களை ரத்து செய்தன. கவர்னர் மைக் டிவைன் விசாரணைக்கு உத்தரவிட்டார். டிசம்பர் 17 அன்று கல்வித்துறையின் அறிக்கை வந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட மாணவர் படித்ததற்கு ஆதாரமில்லை, வகுப்பு நடந்த இடமில்லை, பாடத்திட்டமில்லை, ஆசிரியர் இல்லை. அரசு அறிக்கைகள் வழக்கமாக வெந்நீரில் ஊறவைத்த மொழியில் இருக்கும். இந்த அறிக்கை நேரடியாக ‘மோசடி’ என்ற சொல்லையே போட்டது. 08 பள்ளிகள் சொல்வதைச் சரிபார்க்கத் தங்களுக்கு அதிகாரம் கொடுங்கள் என்று சட்டசபையையும் கேட்டுக்கொண்டது. படித்தபோது பாராட்டுவதா திட்டுவதா என்று தெரியவில்லை. அந்த மூன்று என்ற எண் ஒரு வருஷமாக அவர்கள் அலமாரியில்தானே இருந்தது? அணி ஆடுவது ஊரெல்லாம் தெரிந்தபோது, மூன்று பேர் எப்படி ஃபுட்பால் ஆடுகிறீர்கள் என்று ஒரு போன் போட எந்தச் சட்டம் தடுத்தது?

அந்த செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை மாலை, ஒன்பதாம் வகுப்பு அணிக்கு ஆட்டம். பையனை விடப் போனேன். பத்து நிமிஷத்தில் ஹெல்மெட்டைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்தபடி காரிடம் திரும்பி வந்தான். மருத்துவப் படிவத்தில் டாக்டர் கையெழுத்து இருக்கிறது, பக்கத்தில் தேதி போடவில்லை. தேதி இல்லாமல் களத்தில் இறக்க மாட்டேன் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டாராம். எப்படியும் பெஞ்சில்தான் உட்காரப்போகிறான், அதற்கும் கூடாதாம்.

“ஒரு தேதிக்குப் போயா, அம்மா? நீயே போட்டுடேன்.”

“அடி வாங்குவே. ஏறு.”

பெல்ட்டைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். சிக்னலில் நின்றபோது கேட்டான். “அன்னிக்கு டிவில ஆடினாங்களே, அந்த அண்ணனுங்களுக்கெல்லாம் இந்த ஃபாரம்ல யாரும்மா கையெழுத்துப் போட்டிருப்பாங்க?”

மணி நாலே முக்கால். டாக்டர் ஆபீஸை ஐந்துக்குப் பூட்டிவிடுவார்கள். பச்சை விழுந்ததும் வண்டியை எடுத்தேன்.